ஞாயித்துக்கிழமை சிக்கன்ல குழந்தையோட ஸ்நாக்ஸ் பாக்ஸ்: ஒரு பள்ளிபாளையம் கணக்கு

ஸ்கூல் ஃபீஸ் எவ்வளவுன்னு கேட்டா டக்குனு சொல்லிடுவீங்க. வேன் ஃபீஸும் தெரியும். ஆனா குழந்தையோட ஸ்நாக்ஸ் பாக்ஸுக்கு மாசம் எவ்வளவு போகுதுன்னு கேட்டா, பெரும்பாலான வீட்டுல பதில் இருக்காது. ஏன்னா அது ஒரே பில்லா வராது. பேக்கரில 30 ரூபாய், சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசர்ல 280 ரூபாய், அவசரத்துக்கு ஆன்லைன் டெலிவரில இன்னொரு 150 ரூபாய்னு யுபிஐ ஹிஸ்டரி முழுக்க சிதறிக் கிடக்கும்.

அதுலயும் அசைவ ஸ்நாக்ஸ்தான் பட்ஜெட்டைக் கடிக்கிற ஐட்டம். நகெட்ஸ், சிக்கன் பப்ஸ், சாசேஜ். "இதையெல்லாம் வீட்டுலயே பண்ணினா பாதி காசுல முடிஞ்சிடும்"னு எல்லாரும் சொல்றாங்க. உண்மையிலேயே முடியுமா? வீடியோவுல வேகமா சொல்லிட்டுப் போன கணக்கை இங்க நிதானமா போடலாம். முதல்லயே சொல்லிடறேன்: வீட்டுல செஞ்சா எப்பவுமே லாபம்னு கிடையாது. எப்படிச் செய்யறீங்கங்கறதுலதான் லாபமும் நஷ்டமும் இருக்கு.

ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க. கீழ வர்ற விலை எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்ட விலை. தோல் உரிச்ச பிராய்லர் கிலோ 240, எலும்பில்லாதது கிலோ 350, முட்டை ஒன்னு 6.50 ரூபாய். உங்க ஊர் விலை வேறயா இருந்தா அதைப் போட்டுக்கோங்க. வழி மாறாது.

பாக்கெட்டுல எவ்வளவு கோழி இருக்கு?

நகெட்ஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. நம்ம நாட்டு உணவுச் சட்டப்படி, சேர்க்கிற பொருள்களை எடை அதிகமா இருக்கிறதுல ஆரம்பிச்சு வரிசையா அச்சடிக்கணும். பல பாக்கெட்டுல சிக்கன் எத்தனை சதவீதம்னும் போட்டிருப்பாங்க. மீதி மைதா, பிரெட் தூள், ஸ்டார்ச், எண்ணெய், தண்ணி.

உதாரணத்துக்கு 500 கிராம் பாக்கெட் 280 ரூபாய், அதுல சிக்கன் 60 சதவீதம்னு வெச்சுக்குவோம். அப்போ பாக்கெட்டுக்குள்ள இருக்கிற கோழிக்கறி 300 கிராம். 280-ஐ 300-ஆல வகுத்துப் பாருங்க, கிலோ 933 ரூபாய் வருது. தெருமுனைக் கறிக்கடையில எலும்பில்லாத கறியே 350 ரூபாய்தான். போதாக்குறைக்கு, கண்ணெதிர வெட்டித் தர்ற கறிக்கு ஜிஎஸ்டி கிடையாது, பேக் பண்ணி லேபிள் ஒட்டினதுக்கு உண்டு.

ஏமாத்தறாங்கன்னு நான் சொல்லலைங்க. மெஷின், ஃப்ரீசர் வண்டி, கடைக்காரர் கமிஷன், விளம்பரம் எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் அந்த விலை. ஆனா நீங்க கொடுக்கிறது கோழி விலை, வாங்கறதுல ஒரு பெரிய பங்கு மாவும் மத்ததும். பேக்கரி பப்ஸ்ஸை ஒரு நாள் பிரிச்சுப் பாருங்க, உள்ள ரெண்டு ஸ்பூன் மசாலா இருந்தா அதிகம்.

எலும்போட வாங்கினா லாபமா?

இங்க ஒரு இடத்துல எல்லாருக்கும் கணக்கு தப்பும். எலும்போட 240, எலும்பில்லாம 350. பார்த்தவுடனே 240-தான் சல்லிசுன்னு தோணும். ஆனா எலும்போட வாங்கற கிலோவுல மூணுல ஒரு பங்கு எலும்புன்னு வெச்சா, சதை 667 கிராம்தான். 240-ஐ அதால வகுத்தா சதை கிலோ 360 ரூபாய். ஆக, எலும்பில்லாத கறிக்கு நீங்க கூடுதலா எதுவும் கொடுக்கலை, 10 ரூபாய் கம்மியாத்தான் கொடுக்கறீங்க.

எலும்புக்கு மதிப்பே இல்லைன்னு அர்த்தம் இல்லை. கொழம்புக்கும் ரசத்துக்கும் எலும்புதான் ருசி. ஆனா ஸ்நாக்ஸ் பாக்ஸுக்கு எலும்பு வேண்டாம். பத்து நிமிஷ இடைவேளையில ஓடிக்கிட்டே சாப்பிடற குழந்தைக்கு எலும்பு ஆபத்து. அதனால ஞாயித்துக்கிழமை கறிக்கடையில "முக்கால் கிலோ கொழம்புக்கு, கால் கிலோ எலும்பில்லாம, சின்னதா வெட்டிக் கொடுங்க"ன்னு கேளுங்க. அந்தக் கால் கிலோதான் நம்ம ஸ்நாக்ஸ் பட்ஜெட். 88 ரூபாய்.

நாட்டுக்கோழி வேண்டாமான்னு கேப்பீங்க. ருசி வேறதான், ஒத்துக்கறேன். ஆனா விலை பிராய்லரை விட ரொம்ப அதிகம், சதை கம்மி, வேகவும் நேரமாகும், சின்னப் பல்லுக்குக் கடினம். வீட்டுல விருந்துக்கு வெச்சுக்கோங்க.

குழந்தைக்கு எவ்வளவு வேணும்? தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் ஐசிஎம்ஆரும் 2020-ல வெளியிட்ட பரிந்துரைப்படி, 4 முதல் 6 வயசுக்கு நாளைக்கு 16 கிராம் புரதம், 7 முதல் 9 வயசுக்கு 23 கிராம். பச்சைக் கோழிச் சதை 100 கிராம்ல சுமார் 20 கிராம் புரதம் இருக்கு. ஒரு வேளைக்கு 60 கிராம் பச்சைக்கறி எடுத்தா 12 கிராம், அதாவது 8 வயசுக் குழந்தையோட ஒரு நாள் தேவையில பாதி. அதுக்கு மேல டப்பாவுல அமுக்கி வைக்கத் தேவையே இல்லை. கால் கிலோவுல 4 வேளை வரும். ஒரு குழந்தைன்னா ரெண்டு வாரம், ரெண்டு குழந்தைன்னா ஒரு வாரம்.

மசாலா இல்லாத சமையல்

ஈரோட்டுல இருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினா பள்ளிபாளையம். விசைத்தறிச் சத்தமும் காகித ஆலையும்தான் ஊரோட அடையாளம். ஆனா வெளியூர்க்காரங்களுக்கு அந்தப் பேரைத் தெரிய வெச்சது ஓட்டல் மெனு கார்டுதான். சென்னையில, பெங்களூர்ல எந்தத் தமிழ்நாட்டு ஓட்டலுக்குப் போனாலும் "பள்ளிபாளையம் சிக்கன்"னு ஒரு வரி இருக்கும்.

அதோட பொருள் பட்டியலைப் பாருங்க. கோழிக்கறி, சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, எண்ணெய். அவ்வளவுதான். கரம் மசாலா கிடையாது, தக்காளி கிடையாது, தயிர் கிடையாது, மல்லித்தூள் கூட கிடையாது. இஞ்சி பூண்டு போடறவங்க இருக்காங்க, போடாதவங்களும் இருக்காங்க. ஒரு பர்சனல் ஃபைனான்ஸ் ஆளாப் பார்த்தா இதைவிடச் சிக்கனமான ரெசிபி கிடைக்காது. வீட்டுல இல்லாத பொருள் ஒன்னுமே இல்லை, பாதி காலியாகி டப்பாவுல கிடந்து வண்டு பிடிக்கிற மசாலா பாக்கெட்டும் இல்லை.

ஸ்நாக்ஸ் பாக்ஸுக்கு இது பொருந்தறதுக்கு இன்னொரு காரணம், கொழகொழன்னு இருக்காது. நோட்டுல ஒழுகாது, யூனிஃபார்ம்ல கறை விழாது, கையால எடுத்துச் சாப்பிடலாம்.

அரைக் கிலோ எலும்பில்லாத கறிக்குச் செலவு போடலாம். கறி 175 ரூபாய். சின்ன வெங்காயம் 150 கிராம், கிலோ 60-ன்னா 9 ரூபாய். கால் மூடி தேங்காய்க்கு 10, மிளகாய் 5, கடலை எண்ணெய் 40 மில்லி 8. கேஸ்? 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய்னா ஒரு கிலோ கேஸ் 63 ரூபாய். அரை மணி நேரம் பெரிய அடுப்பு எரிஞ்சா சுமார் 100 கிராம் போகும், 6 ரூபாய். மஞ்சள், உப்பு, கறிவேப்பிலைக்கு 2 ரூபாய். மொத்தம் 215 ரூபாய், 8 வேளை. ஒரு வேளைக்கு 27 ரூபாய்.

அதே 60 கிராம் கோழிக்கறி நகெட்ஸ் வழியா குழந்தைக்குப் போகணும்னா 100 கிராம் நகெட்ஸ் வேணும். 56 ரூபாய், பொரிக்க எண்ணெய் 5. ஆக 61 ரூபாய். வித்தியாசம் வேளைக்கு 34. மாசம் 8 நாள் அசைவ ஸ்நாக்ஸ்னா 272 ரூபாய் மிச்சம்.

நேரத்துக்கு விலை போட்டீங்களா?

இங்கதான் பல "வீட்டுல செய்யுங்க" வீடியோக்கள் நழுவிடும். உங்க சம்பளம் 30,000 ரூபாய், மாசம் 26 நாள், தினம் 8 மணி நேரம்னா, 208 மணி நேர வேலை. ஒரு மணி நேரத்துக்கு 144 ரூபாய். வாரத்துல ரெண்டு நாள் காலையில ஸ்நாக்ஸுக்குன்னு தனியா முக்கால் மணி நேரம் அடுப்படியில நின்னா மாசத்துக்கு 6 மணி நேரம். 864 ரூபாய். 272 ரூபாயை மிச்சம் பிடிக்க 864 ரூபாய் நேரத்தைக் கொடுக்கறீங்க. இது சேமிப்பே இல்லை.

ஒரு இடைச்செருகல். வீட்டுக் கணக்குல அந்த முக்கால் மணி நேரத்துக்கு யாரும் விலை போடறதில்லை, ஏன்னா அது பெரும்பாலும் அம்மாவோ மனைவியோ நிக்கிற நேரம். ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுல அந்த நேரத்துக்குப் பூஜ்ஜியம்னு எழுதறது தப்பான கணக்கு.

அப்போ வழி? தனியாச் சமைக்காதீங்க, பிரிச்சு வைங்க. ஞாயித்துக்கிழமை எப்படியும் வீட்டுல கோழி வேகுது. அதே வடச்சட்டியில குழந்தையோட பங்கும் வேகட்டும். கூடுதல் வேலைன்னு பார்த்தா வாரம் ஒரு பத்து நிமிஷம், பள்ளி நாள் காலையில சூடு பண்ண அஞ்சு நிமிஷம். மாசத்துக்கு 80 நிமிஷம். நகெட்ஸ் பொரிக்கறதுக்கும் ஒவ்வொரு தடவையும் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும், 8 தடவைக்கு ஒன்றரை மணி நேரம். நேரம் ஏறக்குறைய சமம். அப்போதான் அந்த 272 ரூபாய் முழுசா உங்க கையில நிக்கும். வருஷத்துக்கு 10 பள்ளி மாசம்னா 2,720.

இதை எஸ்ஐபில போட்டா இருபது வருஷத்துல இத்தனை லட்சம்னு நான் ஸ்கிரீன்ஷாட் போடப் போறதில்லை. 2,720 ரூபாய்ங்கறது குழந்தைக்கு ஒரு ஜோடி நல்ல ஷூவும் ஸ்கூல் பையும். அவ்வளவுதான், ஆனா அது போதும்.

எந்த இடத்துல பிரிக்கணும்

எண்ணெய் காய்ந்ததும் 4 வரமிளகாயைக் கிள்ளி, விதையை உதறிட்டுப் போடுங்க. நீட்டு மிளகாயா இருந்தா விதை சுலபமா வந்திடும். பெரியவங்களுக்குப் போடற மாதிரி 15, 20 போட வேண்டாம். கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் போட்டு வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் மஞ்சள், கறி, உப்பு. தண்ணி ஊத்தாதீங்க, கோழி தானாத் தண்ணி விடும். மூடி போட்டு கால் மணி நேரம் வேகட்டும். திறந்து தண்ணி சுண்டற வரைக்கும் வதக்குங்க.

இப்போ நிறுத்துங்க. குழந்தையோட பங்கை இங்கதான் தனியா எடுக்கணும். ஓரத்துல ஒதுக்கி ஒரு தட்டுல எடுத்துட்டு, மீதிக் கறியில தேங்காய்ச் சில்லையும், தனியா எண்ணெயில வறுத்த மிச்ச மிளகாயையும் போட்டு நீங்க சாப்பிடற காரத்துக்கு முடிங்க. ஒரே அடுப்பு, ஒரே பாத்திரம், ரெண்டு காரம்.

தேங்காயைக் குழந்தையோட பங்குல சேர்க்காததுக்குக் காரணம் இருக்கு. தேங்காய் சேர்ந்தது சீக்கிரம் ஊசிப்போகும். அன்னிக்கே சாப்பிடறதுக்கு அருமை, மறுநாள் டப்பாவுக்கு வேண்டாம். பள்ளி போற அன்னிக்குக் காலையில சூடு பண்ணும்போது நாலு சில்லு புதுசா நறுக்கி, ஓரம் சிவக்க வதக்கிச் சேர்த்தா போதும்.

மாவுக்குப் பதிலா பொட்டுக்கடலை

வாரத்துல ரெண்டாவது நாளுக்குக் கோலா உருண்டை. இது செட்டிநாட்டு, மதுரைப் பக்கம் பேர் போன ஐட்டம். ஆனா இதுக்குள்ள ஒரு நல்ல பொருளாதாரம் ஒளிஞ்சிருக்கு.

நகெட்ஸ் கம்பெனி கறியை நீட்டறதுக்கு மைதாவும் ஸ்டார்ச்சும் சேர்க்குது. நம்ம ஆயாக்களும் கறியை நீட்டினாங்க, ஆனா பொட்டுக்கடலையால. பொட்டுக்கடலையில 100 கிராமுக்கு சுமார் 20 கிராம் புரதம், கோழிச் சதைக்குச் சமம். விலை மூணுல ஒரு பங்கு. அதாவது கறியைக் குறைச்சாலும் புரதம் குறையாது.

கால் கிலோ எலும்பில்லாத கோழியை மிக்ஸியில விட்டு விட்டு ஓட்டி எடுங்க, மைய அரைக்க வேண்டாம். 100 கிராம் பொட்டுக்கடலை மாவு, வதக்கின சின்ன வெங்காயம், சோம்பு, கொஞ்சம் தேங்காய், உப்பு, ஒரு முட்டை. 20 உருண்டை வரும். கறி 88, பொட்டுக்கடலை 12, முட்டையும் மத்ததும் 20, எண்ணெய் 30, கேஸ் 6. மொத்தம் 156. நாலு உருண்டை ஒரு வேளைன்னா 5 வேளை, வேளைக்கு 31 ரூபாய், புரதம் 15 கிராம். பொரிக்காம பணியாரக் கல்லுல போட்டா எண்ணெய்ச் செலவு பாதியாகும்.

உருட்டின பச்சை உருண்டைகளைத் தட்டுல பரப்பி ஃப்ரீசர்ல வெச்சு, கெட்டியானதும் டப்பாவுல போட்டு வைக்கலாம். தேங்காயும் சேர்ந்திருக்கு, அதனால சமைச்சு வைக்கறதை விடப் பச்சையா ஃப்ரீசர்ல வெச்சு, வேணுங்கிற நாள்ல வேக வைக்கறதுதான் நல்லது. அந்த நாள்ல உள்ள வரைக்கும் வெந்திருக்கான்னு ஒரு உருண்டையைப் பிச்சுப் பாருங்க.

உப்புக்கண்டம் சல்லிசா?

கொங்குப் பக்கத்துல வீட்டு அசைவ ஸ்நாக்ஸ்னா முதல்ல ஞாபகம் வர்றது இதுதான். நோம்பிக்குக் கிடா வெட்டினா கறி மிஞ்சும். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்துல அதை என்ன பண்ணுவாங்க? நீளநீளமா அரிஞ்சு, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் தடவி, ஊசி நூல்ல மாலையாக் கோத்து வெயில்ல காய வைப்பாங்க. காக்காய்க்கும் ஈக்கும் காவல் இருந்து, நாலஞ்சு நாள் சேலத்து வெயில் பட்டா விறகு மாதிரி ஆயிடும். அப்புறம் தட்டிப் பொரிச்சுக் கொடுத்தா குழந்தைங்க விட மாட்டாங்க.

மிஞ்சின கறிக்கு அது பிரமாதமான வழி. ஆனா அதுக்காகவே இன்னிக்குக் கறி வாங்கிப் போட்டா கதை வேற. கறியில முக்கால் பங்குக்குக் கிட்ட தண்ணிதான். கிலோ 900 ரூபாய்க்கு ஆட்டுக்கறி வாங்கிக் காய வெச்சா, மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடத்தான் மிஞ்சும். காய்ஞ்ச உப்புக்கண்டம் கிலோ 2,500 ரூபாய் கிட்ட வந்து நிக்கும். மாசம் ஒரு தடவை, ரெண்டு மூணு துண்டு, அவ்வளவுதான் கட்டுபடியாகும்.

காசைத் தாண்டி இன்னொன்னும் இருக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபர்ல பதப்படுத்தின இறைச்சியை, மனுஷங்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான பொருள்களோட பட்டியல்ல சேர்த்தது. சாசேஜ், ஹாம், சலாமி எல்லாம் அதுல வரும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா உப்பிட்டுப் பதப்படுத்தறதும் அந்த வரையறைக்குள்ளதான் வருது. கடையில வாங்கினா கெட்டது, பாட்டி செஞ்சா நல்லதுன்னு உடம்பு பிரிச்சுப் பார்க்காது. எப்பவாவது ஒரு துண்டுன்னா பயப்பட ஒன்னுமில்லை. தினசரி ஸ்நாக்ஸா ஆக்காதீங்க.

விலை எங்க முடிவாகுது?

முட்டை விலையை தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவோட நாமக்கல் மண்டலம் அறிவிக்குது. பிராய்லர் கோழிக்குப் பண்ணை விலை பல்லடத்துல முடிவாகுது. ரெண்டுமே பேப்பர்ல வரும். பல்லடத்துல உயிரோட கோழி கிலோ 110-ன்னு பார்த்துட்டு, நம்ம கடையில ஏன் 240-ன்னு கோவப்படாதீங்க. தோல், இறக்கை, குடல் எல்லாம் போக ஒரு கிலோ கோழியில 650 கிராம் நிக்கும்னு வெச்சா, அதுவே 169 ரூபாய் ஆகுது. மேல வண்டி வாடகை, கடை வாடகை, வெட்டற கூலி.

ஆனா விலை போற திசையைப் பாருங்க. புரட்டாசியில பாதி ஊரு விரதம், கோழி விலையும் முட்டை விலையும் வழக்கமா இறங்கும். உங்க வீட்டுல புரட்டாசி விரதம் இல்லைன்னா அதுதான் உங்களுக்கு ஆடித் தள்ளுபடி. கோழி ஏறின வாரம் பிடிவாதமா வாங்காம முட்டைக்கு மாறிடுங்க.

ஒரு கிராம் புரதத்துக்கு எவ்வளவுன்னு வகுத்துப் பாருங்க. நகெட்ஸ்ல மாவுல இருக்கிற புரதத்தையும் சேர்த்துக்கிட்டாலும் 4 ரூபாய்க்கு மேல. ஆட்டுக்கறி உப்புக்கண்டம் நாலரை ரூபாய். பள்ளிபாளையம் சிக்கனும் கோலாவும் 2 ரூபாய்ச் சொச்சம். முட்டை? 6 கிராம் புரதம் 6.50-க்கு, அதாவது 1 ரூபாய்ச் சொச்சம். கிட்டக்கூட எதுவும் வராது. எம்ஜிஆர் சத்துணவுத் திட்டம் ஆரம்பிச்சதும் 1982, முட்டை ஒருங்கிணைப்புக் குழு பிறந்ததும் அதே 1982. இன்னிக்கு அரசுப் பள்ளி சத்துணவுல வாரம் 5 நாள் முட்டை போடறாங்க. தனியார் பள்ளிக்கு ஃபீஸ் கட்டற நாம 30 ரூபாய் பப்ஸ் வாங்கிக் கொடுத்துட்டு இருக்கோம்.

கல்லீரலையும் மறந்துடாதீங்க. கோழி ஈரல் கறியை விடச் சல்லிசு, இரும்புச்சத்து கறியை விடப் பல மடங்கு. விட்டமின் ஏ ரொம்ப அதிகம்ங்கறதால வாரத்துக்கு ஒரு தடவை, சின்ன அளவு போதும்.

டப்பாவுல வைக்கறதுக்கு முன்னாடி

மிச்சம் பிடிச்ச 272 ரூபாய் ஒரே ஒரு வாந்தி பேதியில டாக்டர் ஃபீஸா போயிடும். அதனால இந்தப் பகுதியை மட்டும் வேகமா ஸ்க்ரோல் பண்ணாதீங்க.

கிருமி வேகமாப் பெருகறது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல. சமைச்ச கறி சாதாரண அறைச் சூட்டுல 2 மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாதுங்கறது பொதுவான விதி. 32 டிகிரிக்கு மேல போனா 1 மணி நேரம்தான். நாமக்கல், சேலம் பக்கம் மார்ச் மாசத்துல வகுப்பறை என்ன சூட்டுல இருக்கும்னு உங்களுக்கே தெரியும். காலையில 7:30-க்குச் சாதாரண டப்பாவுல மூடி, மதியம் 12:45-க்குத் திறக்கறது ரிஸ்க். அதனால அசைவத்தை மதியச் சாப்பாட்டுக்கு வைக்காதீங்க, 10:30 மணி இடைவேளைக்கு வைங்க. அதுவும் சூடு தாங்குற ஸ்டீல் டப்பாவுல. அப்படி ஒரு டப்பா 500, 600 ரூபாய் ஆகும், ரெண்டு மாசத்துக்குக் கொஞ்சம் கூடுதலான மிச்சத்துல அது திரும்பி வந்திடும். கடும் கோடையில அதுவும் வேண்டாம், சுண்டலுக்கு மாறுங்க.

ஞாயித்துக்கிழமை சமைச்சதை ஆறின உடனே, அதாவது 2 மணி நேரத்துக்குள்ள, சின்னச் சின்ன டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜுக்குள்ள வைங்க. திங்கள், அதிகபட்சம் புதன். அதுக்கு மேல போற பங்கைச் சமைக்காம, உப்பும் மஞ்சளும் தடவி அன்னிக்கே ஃப்ரீசர்ல போட்டுடுங்க. ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம்னு தனித்தனியா வைங்க. மொத்தமா உறைஞ்ச கட்டியை உருக்கித் திரும்ப உறைய வைக்கிற வேலை வேண்டாம்.

பள்ளி விதியையும் பார்த்துடுங்க. நிறைய தனியார் பள்ளில அசைவம் கொண்டுவரக் கூடாதுன்னு டைரிலயே அச்சடிச்சிருப்பாங்க. அப்படி இருந்தா இதையெல்லாம் சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் கொடுங்க, கணக்கு அதேதான், டப்பா செலவு கூட மிச்சம். அனுமதி இருந்தாலும், பக்கத்துல உக்கார்ற குழந்தை சைவமா இருக்கலாம், கேக்காம ஊட்டிவிடக் கூடாதுன்னு உங்க குழந்தைக்குச் சொல்லி அனுப்புங்க. செவ்வாய், வெள்ளி உங்க வீட்டுலயும் கவிச்சி இருக்காதுன்னா, திங்களும் புதனும்தான் வசதியான நாள்.

திங்கள் காலையில இப்படி: ஸ்டீல் டப்பாவுல கொதிக்கிற தண்ணி ஊத்தி மூடி அஞ்சு நிமிஷம் வைங்க. அந்த அஞ்சு நிமிஷத்துல ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த கறியை ஆவி பறக்க, நடுவுல வரைக்கும் சூடு ஏற வதக்குங்க. வெதுவெதுப்பு பத்தாது. தண்ணியைக் கொட்டிட்டு, துடைச்சு, கறியைச் சூடாவே போட்டு உடனே மூடிடுங்க. மூடறதுக்கு முன்னாடி ஒரு பார்வை: கிள்ளிப் போட்ட அந்த 4 மிளகாயோட துண்டு ஏதாவது வெங்காயத்துக்குள்ள ஒட்டிக்கிட்டு இருக்கும், அதையும் பொறுக்கிடுங்க.